மேலே வரத் தேவையில்லாத கப்பல்

காரைக்கால்,
ஜூன் 19

அன்பு மகள் கரீனுக்கு,

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். இங்கு நானும் பப்பாவும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

அறிய முடியாது என்று எனக்குத் தெரியும். நீ எந்தக் கடலுக்கு அடியில் இருக்கிறாய் என்பது உன் கேப்டனுக்கும் இன்னும் நாலு பேருக்கும்தான் தெரியுமாம். இந்தக் கடிதம் பிரான்சில், பிரெஸ்ட் துறைமுகத்தில் உன் வீட்டுத் தபால்பெட்டிக்குப் போய், நீ கரையேறி வரும்வரை அங்கேயே தூங்கும். தூங்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை நாற்பது வார்த்தை என்று உன் கடற்படை எனக்கு அளந்து கொடுத்திருக்கிறதே, என் வாய்க்கு அது எந்த மூலைக்கு? மீதியை எங்கேயாவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

முதலில் அந்த நாற்பது வார்த்தைச் சீட்டைப் பற்றி ஒரு சண்டை போட்டுவிடுகிறேன். பிரெஞ்சில்தான் எழுத வேண்டும். கெட்ட செய்தி எழுதக் கூடாது. மறைமுகமாக எதுவும் எழுதக் கூடாது. ஒரு அலுவலகத்தில் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் படித்துப் பார்த்த பிறகுதான் அது கடலுக்குள் வரும். அதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும். உனக்குத் திருப்பி எழுத வழியே கிடையாது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. போன லீவில் சாப்பாட்டு மேஜையில் என்னைக் கேலி செய்தாயே, "ஒவ்வொரு வாரமும் 'இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல்'னு ஆரம்பிக்கிறீங்க மம்மா, அதுலயே கால்வாசி சீட்டு போயிடுது, என்னால பதில் சொல்லவும் முடியாது" என்று. பப்பாவும் உன்னோடு சேர்ந்துகொண்டு சிரித்தார். கடிதம் என்றால் அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அந்த வரி இல்லாமல் ஒரு கடிதம் வந்தால் என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், மேற்கொண்டு படிக்கவே பயப்படுவாள். அதைக் கேட்டதும் நீ சிரிப்பை நிறுத்திவிட்டாய். நீயும் அந்த ஒரு வரியைத்தான் முதலில் தேடுகிறாயாம். அதைப் பார்த்ததும் சீட்டை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவாயாம், மற்றதை மறுநாள்தான் படிப்பாயாம். அன்றிலிருந்து யார் சிரித்தாலும் நான் அந்த வரியை விடுவதாக இல்லை.

ஊரில் வெயில் கொளுத்துகிறது. நெடுங்காட்டு நிலத்தைப் பார்த்துக்கொள்கிற சிங்காரவேலன் வந்திருந்தார். அணை திறந்தாகிவிட்டது, ஆனால் வாய்க்காலில் தண்ணீர் இன்னும் நம் பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். வருகிற வழியெல்லாம் எல்லாரும் குடித்துவிட்டுக் கடைசியில் நமக்கு அனுப்புவார்கள் என்று திட்டிவிட்டு, ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆனால் டைல்ஸ் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு காஜா நஜ்முதீன் வந்துவிடுகிறார். எதிர் வீட்டுக்காரர் ஆயிற்றே, செருப்புக்கூடப் போடாமல் வருவார். அவர் இருபது வருஷம் சரக்குக் கப்பலில் போனவர். உன் பப்பா அதே அளவு பிரெஞ்சுக் கடற்படையின் டீசல் நீர்மூழ்கியில் கிடந்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் டீ ஆறிப் போகும். நஜ்முதீனுக்கு ஒரே ஒரு கட்சிதான். "கப்பல்னா மேல மிதக்கணும் ரோழே அண்ணே. நல்லா மிதக்குறதைப் போயி தண்ணிக்குள்ள முக்குறீங்களே, அல்லாவுக்கே அடுக்குமா" என்பார். பப்பாவுக்கு அவரோடு சண்டை இல்லை. சண்டையெல்லாம் உன்னோடுதான். நீ இங்கே இல்லாததால் உன் கட்சியையும் அவரே பேசி, அதற்குப் பதிலும் அவரே சொல்லிக்கொள்கிறார். "என் மவ சொல்லுவா, அவ கப்பல் காத்தைத் தானே தயார் பண்ணிக்கும், கடல் தண்ணியை நல்ல தண்ணி ஆக்கும், தினமும் ஷவர்ல குளிக்கலாம், சோறு தீர்ற வரைக்கும் மேல வரவே வேணாம்னு. எல்லாம் சரிதான். ஆனா அணு உலையை அணைக்க முடியுமா? அதோட பம்பு ராவும் பகலும் ஓடிக்கிட்டே இருக்கும். நாங்க பேட்டரிக்கு மாறிட்டோம்னா எல்லாத்தையும் அணைச்சிட்டு, ஒரு ஸ்பூனைக்கூட கீழ போடாம கிடப்போம். அந்த அமைதி அவளுக்குக் கிடைக்குமா?" என்று நஜ்முதீனைக் கேட்பார். நஜ்முதீன் எனக்குத் தெரியாது அண்ணே என்று எழுந்து தொழுகைக்குப் போய்விடுவார்.

உனக்கு நினைவிருக்கும். சில வருஷத்துக்கு முன்னால் ஆஸ்திரேலியாக்காரர்கள் பிரான்சிடம் சொல்லிவைத்த டீசல் கப்பல்களை வேண்டாம் என்றுவிட்டு, அணுசக்திக் கப்பலே வேண்டும் என்று வேறு பக்கம் போனார்களே. அன்று உன் பப்பா ராத்திரி சாப்பிடாமல் படுத்தார். உனக்குப் பார்த்த சம்பந்தம் முறிந்துபோன மாதிரி முகம். உலகத்தில் எத்தனை தேசம் இன்னும் டீசலைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறது, நம் இந்தியாவிடமே எத்தனை இருக்கிறது என்று மறுநாள் எனக்குக் கணக்குச் சொன்னார். நான் இட்லிக்கு மாவு கரைத்துக்கொண்டே உம் கொட்டினேன்.

என் கட்சி என்ன என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. இரண்டு வகைக் கப்பலுக்கும் காத்திருந்தவள் நான் ஒருத்திதான். நீயும் பப்பாவும் உள்ளே இருந்தவர்கள்தான், உங்களுக்கு என்ன தெரியும்?

கல்யாணம் ஆகி பிரான்சில் தூலோன் துறைமுகத்துக்குப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. மூன்றாவது மாடியில் ஒரு சின்ன வீடு. குழாய்க்காரனிடம் பேசக்கூட என் பிரெஞ்சு போதாது. முதல் தடவை உன் பப்பா கடலிலிருந்து வந்து கதவைத் தட்டியபோது, கட்டிப்பிடிக்கப் போனவள் இரண்டடி பின்னால் வந்துவிட்டேன். அப்படி ஒரு டீசல் நாற்றம். தலைமுடியில், நகக்கண்ணில், வேர்வையில். வாரக்கணக்கில் குளிக்காமல், மூன்று பேருக்கு இரண்டு படுக்கை என்று முறை வைத்துத் தூங்கிவிட்டு வந்திருந்தார். துணியை மூன்று தடவை துவைத்தும் போகவில்லை. பால்கனியில் காயப்போட்டதற்குக் கீழ் வீட்டு அம்மாள் ஏறி வந்து கத்திவிட்டுப் போனாள். தெரியாத்தனமாக அவர் சட்டையை என் கல்யாணப் பட்டுக்குப் பக்கத்தில் மடித்து வைத்தேன். அந்தப் புடவை இன்றைக்கும் மழைக்காலத்தில் லேசாக மணக்கிறது. வீட்டில் யாரும் இல்லாதபோது அதை எடுத்து மோந்து பார்ப்பேன் என்பதை உன்னிடம் சொல்லலாம், அவரிடம் சொல்லாதே.

அந்த நாற்றத்தோடு அவர் கட்டாயம் வந்துவிடுவார் என்பதுதான் விஷயம். அந்தக் கப்பலுக்குக் காற்று வேண்டும், எண்ணெய் வேண்டும், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்ற வேண்டும். எத்தனை பெரிய அட்மிரல் சொன்னாலும் அது மேலே வந்துதான் ஆக வேண்டும். வந்தால் ஏதாவது ஒரு துறைமுகம், ஒரு தபால்பெட்டி. லிஸ்பனிலிருந்து ஒரு கடிதம், காசாபிளாங்காவிலிருந்து ஒரு அட்டை. நான் பதில் எழுதினால் அடுத்த துறைமுகத்தில் அவர் கைக்குக் கிடைக்கும். நீ என் வயிற்றில் நிறைமாதமாக இருந்தபோது அவர் வருவதற்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எஞ்சின் பழுதாகி, கப்பலை மெதுவாக உருட்டிக்கொண்டு முன்கூட்டியே கரைக்கு வந்துவிட்டார்கள். கை நிறைய கிரீஸோடு ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தார், நர்ஸ் கழுவிவிட்டு வா என்று விரட்டினாள். நீ பிறந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்தது ஒரு டீசல் எஞ்சின் புண்ணியத்தில்தான். உன் கப்பல் பழுதே ஆகாதாமே. அதில் அப்படி என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது?

முதல் தடவை நீ கடலுக்கடியிலிருந்து வந்து, லீவில் இங்கே வந்தபோது உன் பையைத் திறந்து மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. ஏதோ ஹோட்டலில் தங்கிவிட்டு வந்த மாதிரி. சந்தோஷப்பட வேண்டிய நான் ஏனோ குளியலறைக்குப் போய் அழுதேன். மேலே வரத் தேவையில்லாத கப்பலை எவன் கண்டுபிடித்தானோ, அவனுக்கு வீட்டில் காத்திருக்க யாரும் இல்லை போலிருக்கிறது.

பப்பா மாடிப்படியில் இப்போதெல்லாம் பாதியில் நிற்கிறார். கேட்டால் காக்கை கத்துகிறது, யாரோ விருந்தாளி வருகிறார்கள், கேட்கிறேன் என்கிறார். வயசு எழுபதைத் தொடப் போகிறது, பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒப்புக்கொள்ள வெட்கம். டாக்டரிடம் போகலாம் என்றேன். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய நாள் கொடியேற்றம் முடியட்டும் என்றிருக்கிறார்.

கடவுள் உன்னோடு இருப்பார்.

அன்பு முத்தங்களுடன்,
உன் மம்மா
ஒர்த்தான்ஸ்


பாண்டி,
ஜூலை 17

என் கண்ணே கரீன்,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பப்பாவுக்கு இப்போது ஒன்றும் இல்லை, தூங்குகிறார். நீ நர்ஸ், உன்னிடம் சுற்றி வளைத்துப் பயனில்லை, நேராகவே சொல்கிறேன்.

பதினாலாம் தேதி காலையில் வழக்கம்போல மெடல்களைக் குத்திக்கொண்டு போர் நினைவுச் சின்னத்துக்குப் போனோம். பழைய சொல்தாக்கள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். நாற்காலி போட்டிருந்தார்கள், பப்பா உட்கார மாட்டேன் என்றுவிட்டார். கொடி ஏறி, பாட்டு முடிகிறவரை விறைப்பாக நின்றார். முடிந்ததும் அப்படியே முன்பக்கம் சரிந்தார். மெடல்கள் தரையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நஜ்முதீன்தான் காரை எடுத்துக்கொண்டு வந்து, முதலில் காரைக்காலில் காட்டி, அவர்கள் சொன்னபடி இங்கே கொண்டுவந்து சேர்த்தார். வழியெல்லாம், "பயப்படாதீங்க அக்கா, அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது, வீட்ல எல்லாரும் துஆ செஞ்சிக்கிட்டுத்தான் இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். 

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கி இறுகிப்போய்விட்டதாம். மாற்ற வேண்டும், காத்திருக்க முடியாது, இந்த நிலையில் பிரான்சுக்கு விமானத்தில் அனுப்பவும் முடியாது என்று டாக்டர் சொன்னார். உன் பப்பா என்ன சொன்னார் தெரியுமா? என் மகள் மேலே வருகிறவரை யாரும் என்மேல் கத்தி வைக்கக் கூடாது என்றார். ஆகஸ்ட் கடைசியில் வந்துவிடுவாள், அதுவரை இப்படியே படுத்திருக்கிறேன் என்றார். டாக்டர் என்னைப் பார்த்தார். "மெதுவா ஓடினா பேட்டரி ரொம்ப தூரம் இழுக்கும் டாக்டர், எங்களுக்கு அது பழக்கம்" என்றார் உன் பப்பா. அதற்குப் பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறார். சேமிக்கிறாராம். நான் கெஞ்சினேன், திட்டினேன், சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். மசியவில்லை.

இனி நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர் விழுந்த அன்றுதான் உனக்குச் சீட்டு அனுப்ப வேண்டிய நாள். அவருக்கு ஊசி போட்டுத் தூங்கவைத்த பிறகு போனை எடுத்தேன். மாங்கனித் திருவிழாவில் இறைத்த மாம்பழங்களில் ஒன்று நம் மாடியில் வந்து விழுந்ததை எழுதினேன். நெடுங்காட்டுக்குத் தண்ணீர் வந்துவிட்டதை எழுதினேன். கொடியேற்றத்தில் பப்பா உட்கார மறுத்ததை எழுதினேன், அதில் பொய் ஒன்றும் இல்லையே. முதல் வரியை மட்டும் எழுதக் கை வரவில்லை. இங்கு அனைவரும் நலம் என்று எப்படி எழுதுவேன்? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார். சரி, வேண்டாம் என்று விட்டுவிட்டு அனுப்பினேன். கெட்ட செய்தி ஒரு வார்த்தைகூட இல்லாததால் அந்த அலுவலகமும் தடுக்கவில்லை. உனக்கு அனுப்பியாகிவிட்டது என்று வழக்கமான பதில் வந்தது. சேதி எதுவும் சொல்லாமல் சமாளித்துவிட்டேன் என்று எனக்கு ஒரு நிம்மதிகூட வந்தது.

மறுநாள் பப்பா கேட்டார், என் பிரெஞ்சைத் திருத்தாமல் அவருக்குப் பொழுது போகாதே. போனை வாங்கிப் படித்தார். திரும்ப மேலே தள்ளிப் பார்த்தார். அவர் முகம் மாறியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. உன் தலையணையும் நினைவுக்கு வந்தது, என் அம்மா பிடித்துக்கொண்ட சுவரும் நினைவுக்கு வந்தது. நானே அந்தக் கடிதத்தை எழுதி அனுப்பியிருக்கிறேன்.

"அது டீசல் இல்ல ஒர்த்தான்ஸ்" என்றார். கத்தக்கூட இல்லை. "நம்ம கப்பலா இருந்தா அடுத்த துறைமுகத்துல இறங்கி உனக்கு போன் பண்ணுவா. இவ எங்க போயி கேப்பா? இன்னும் அத்தனை வாரமும் தண்ணிக்கு அடியில உக்காந்து, யாருக்கு என்னன்னு நெனச்சிக்கிட்டே கெடப்பாளே" என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னோடு பேசாமல் திரும்பிப் படுத்தது அதுதான் முதல் தடவை.

ஏன் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளவில்லை என்று அப்புறம்தான் சொன்னார். அவரோடு வேலை பார்த்த யான் என்று ஒரு பையன், பிரான்சில் பிரெத்தாஞ்ஞ் பக்கத்து ஊர்க்காரன், நான்கூட அவனுக்குச் சோறு போட்டிருக்கிறேன், ரசத்தைச் சூப் என்று கேட்டு வாங்கிக் குடிப்பான். ஒரு நீண்ட பயிற்சி முடிந்து தூலோனில் கரையேறியபோது எல்லாருக்கும் முன்னால் குதித்து இறங்கினானாம். அதிகாரி ஒருவர் தோளில் கை போட்டுத் தனியே அழைத்துப் போனார். அவன் அம்மாவை அடக்கம் செய்து வாரக்கணக்கு ஆகியிருந்தது. உள்ளே இருந்தபோது சொல்ல வேண்டாம் என்று வைத்திருந்தார்கள். அவன் பையைப் பப்பாதான் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார். அவன் முகம் எப்படி இருந்தது என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை, நேற்றும் சொல்லவில்லை. ஆபரேஷன் மேஜையில் படுத்து நான் எழுந்திருக்காமல் போனால் என் மகளை அப்படி ஒருவன் தோளில் கை போட்டு அழைத்துப் போவான், அதற்குப் பதில் அவள் வருகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன் என்று நினைத்தேன் என்றார். சொல்லி முடிக்கிறதற்குள் இரண்டு தடவை மூச்சு இளைத்தது.

இன்று காலையில் டாக்டர் வந்ததும் அவரே கையைக் காட்டி நிறுத்தினார். "அறுத்துடுங்க டாக்டர். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ, அவ்வளவு சீக்கிரம்" என்றார். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் போன பிறகு என்னிடம், "அடுத்த சீட்டுல அந்த வரி இருக்கணும். பொய்யாவும் இருக்கக் கூடாது. அதுக்கு வேற வழி இல்ல" என்றார். உனக்கு ஒரு பொய் எழுத வேண்டாம் என்பதற்காக உன் பப்பா நெஞ்சைத் திறந்து காட்டச் சம்மதித்திருக்கிறார். நான் செய்த தப்பு அவரைக் கத்திக்கு அனுப்புகிறதா, காப்பாற்றுகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஜெபமாலையைக் கையில் வைத்திருக்கிறேன், எத்தனை மணி உருட்டினேன் என்று மறந்து மறந்து முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நாளை மறுநாள் என்று சொல்லியிருக்கிறார்கள். நீ எங்கே இருந்தாலும் அந்த நேரத்தில் எதற்கென்று தெரியாமலே ஒரு அருள்நிறை மரியே சொல்லிவிடு.

உன் மம்மா


காரைக்கால்,
ஆகஸ்ட் 8

அன்பு மகளுக்கு,

பப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். இதை முதலில் படித்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடி, அப்புறம் மற்றதைப் படி.

ஆபரேஷன் முடிய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நஜ்முதீனும் அவர் மனைவி ஜுவைரியாவும் கூடவே இருந்தார்கள். ஜுவைரியா வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சோற்றை எனக்கு ஊட்டாத குறையாகத் தின்ன வைத்தாள். மாற்று வால்வு நன்றாகப் பொருந்திவிட்டது, நெஞ்சுக்குள் இரண்டு நாள் குழாய் இருந்தது, மூன்றாம் நாள் அதை எடுத்துவிட்டார்கள். அன்று உனக்குச் சீட்டு அனுப்பும் நாள். பப்பாவுக்குக் குரல் சரியாக வரவில்லை. முதல் வரியை அவரே தட்டச்சு செய்வேன் என்று அடம்பிடித்தார். ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி, நடுவில் கண்ணை மூடி இளைப்பாறி, இங்கு அனைவரும் நலம், உன் நலம் அறிய ஆவல் என்று போட்டார். ஒரு பிழைகூட இல்லை. மிச்ச வார்த்தைகளை நான் எழுதினேன், என்ன எழுதினேன் என்பதே ஞாபகம் இல்லை. அனுப்பியதும் போனைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டார். நான் அதை எடுக்கவில்லை.

நடுவில் ஒரு வாரம் நீ எப்படி இருந்திருப்பாய் என்று நினைக்காத நாள் இல்லை. யாரிடமும் கேட்டிருக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும். உன் மருந்து அலமாரியை நாலு தடவை எடுத்து அடுக்கியிருப்பாய். என்னை மன்னித்துவிடு கண்ணு. அந்தக் கப்பலுக்கு எழுதுகிற பெண்ணுக்கு இருக்க வேண்டிய நெஞ்சுரம் எனக்கு இல்லை. நான் துறைமுகத்துக்குத் துறைமுகம் கடிதம் போட்டுப் பழகியவள்.

வீட்டுக்கு வந்ததும் பப்பா முதல் காரியமாக நஜ்முதீனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு டீசல் பேச்சை ஆரம்பித்தார். இப்போது எங்கோ ஒரு தேசத்தில் புது மாதிரி பேட்டரி வைத்து டீசல் கப்பல் கட்டுகிறார்களாம், வாரக்கணக்கில் மேலே வராமல் இருக்குமாம். நான் நறுக்கென்று, அப்படியானால் டீசலும் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டேன். நஜ்முதீன் சிரித்துப் புரைக்கேறிவிட்டது. பப்பா சிரித்தால் தையல் வலிக்கும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர அடக்கிக்கொண்டார். அந்த முகம் தூலோனில் கதவைத் தட்டி நின்ற முகம்தான். ஒரு நிமிஷம் எனக்கு அந்த நாற்றம்கூட வந்த மாதிரி இருந்தது.

மாதா கோயில் கொடி ஏறிவிட்டது. தேர் அன்றைக்கு வாசல்வரை நடந்து வந்து பார்க்கலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அவர் தெருமுனைவரை போவதாகத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார். நீ டிசம்பரில் மறுபடியும் கடலுக்குள் இறங்குவாய் என்பதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். இந்தத் தடவை உனக்குப் பதவி உயர்வும் உண்டு, கப்பலின் இன்ஃபர்மரிக்கே, அந்த மருத்துவ அறைக்கே நீதான் தலைமை என்று சிங்காரவேலனிடம்கூடச் சொன்னார். டீசலை விட்டுக்கொடுக்காத மனுஷன், மகளுடைய அணுசக்திக் கப்பலை மட்டும் ஊரெல்லாம் பறைசாற்றுகிறார். அதனால்தான் இனி எழுதப் போவதை அவரை வைத்துக்கொண்டு என்னால் பேச முடியாது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். வால்வில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அது இறுகிக் கிடந்த காலமெல்லாம் இதயம் தன் சக்திக்கு மீறி உழைத்துவிட்டது, சதை நைந்துபோயிருக்கிறது, அதற்கு மாற்று இல்லை என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். "ஒரு வருஷம் நல்லபடியா இருப்பாரும்மா. அதுக்கு மேல நான் வாக்குக் குடுக்க முடியாது" என்றார். பப்பாவிடம் சொல்லவில்லை. அவர் என்னிடம் கேட்கவும் இல்லை. ஆனால் நெடுங்காட்டு நிலத்தை உன் பெயருக்கு எழுதுவதைப் பற்றித் திடீரென்று நேற்றுப் பேசினார், நான் காது கேட்காதவள் போல அடுப்பங்கரைக்குப் போய்விட்டேன்.

உன் வேலையைப் பற்றி நான் இதுவரை ஒரு வார்த்தை குறுக்கே சொன்னதில்லை. கடலுக்குப் போகாதே என்று உன் பப்பாவிடமே நான் சொன்னதில்லை, உன்னிடம் சொல்வேனா? நீ படித்தாய், உழைத்தாய், பெண்களை ஏற்றாத கப்பலில் ஏறி நின்றாய். எனக்குப் பெருமை இல்லை என்று நினைத்துவிடாதே. மெரியில், நகராட்சி ஆபீசில் ஒரு பேப்பர் வாங்கப் போனால்கூட என் மகள் கடற்படையில் என்று ஆரம்பித்துவிடுகிறேன். இருந்தாலும் கேட்கிறேன். பிரெஸ்ட் கடற்படை ஆஸ்பத்திரியில் கரை வேலைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னாய் அல்லவா? ஒரே ஒரு வருஷம் அதை எடுத்துக்கொள். பதவி உயர்வு தள்ளிப் போகும், தெரியும். பப்பா கோபப்படுவார், அதுவும் தெரியும். மேலதிகாரி சொன்னார், ஆள் பற்றாக்குறை, ஏதாவது ஒன்று நீயே சொல்லிக்கொள். என் பெயர் வர வேண்டாம். போன் எடுத்தால் குரல் கேட்கிற இடத்தில் இரு. டிக்கெட் எடுத்தால் மறுநாள் வந்து சேருகிற இடத்தில் இரு.

கரையேறியதும் நீ முதலில் எங்களுக்குத்தான் போன் செய்வாய். அப்போது நான் எதையும் சொல்ல மாட்டேன், பப்பாவே எடுத்துப் பேசட்டும். அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்கப் போவதில்லை. பிறகு வீட்டுக்குப் போய்த் தபால்பெட்டியைத் திறந்து, இந்த மூன்று கடிதங்களையும் வரிசையாகப் படி. அழ வேண்டுமென்றால் அழுதுவிடு. முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் கூப்பிடு. கரை வேலைக்கு மாற்றிக்கொண்டேன் மம்மா என்று மட்டும் சொல், நான் சரி என்பேன். ஏன், எதற்கு, டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் போனில் கேட்காதே கண்ணு. அவர் என் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருப்பார்.

மாதா உன்னைப் பத்திரமாக மேலே கொண்டுவரட்டும்.

அன்பு முத்தங்களுடன்,
உன் மம்மா
ஒர்த்தான்ஸ்